ஒன்றரை மடங்கு வேகத்தில் காதல்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் ஐடி வேலையில் இருக்கிறோம். இரவு சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம்தான் படம் பார்க்கக் கிடைக்கிறது. எனக்கு ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்கள் போதும். அவளுக்குக் காதல் நகைச்சுவைப் படங்கள். யாரும் யாரும் சேரப்போகிறார்கள் என்று போஸ்டரிலேயே தெரிந்துவிடுகிற கதையில் என்ன இருக்கிறது? அவள் சிபாரிசு செய்யும் படங்களை நான் பிறகு போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். ஆக்‌ஷன் படத்தில் உழைப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. இருவரும் சேர்ந்து பார்க்கும்படி பத்துப் படங்கள் சொல்ல முடியுமா? டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று ஆபீசில் ஒரு விவாதம் நடக்கிறது. அதைப் பற்றியும், சூப்பர் ஹீரோ படங்கள் பற்றியும் உங்கள் கருத்து?

ச.

அன்புள்ள ச.,

மனைவி சொன்ன படத்தை, பிடிக்காவிட்டாலும், தேடிப் பார்க்கிறீர்கள். பல வீடுகளில் அதுகூட நடப்பதில்லை. அந்த மனசுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியதைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். அந்தப் படங்களைப் பற்றி உங்கள் மனைவியிடம் கருத்துச் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது. கதை என்ன என்று தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

டை ஹார்ட் கதை கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நடக்கிறது. படம் 1988 ஜூலையில் வெளிவந்தது. இதில் விவாதிக்க வேறு ஒன்றும் இல்லை. சூப்பர் ஹீரோ படங்களைப் பிடித்தவர்கள் பார்க்கட்டும்.

முடிவு தெரிந்துவிடுகிறது என்கிறீர்கள். ஜான் விக் என்ற அடிதடிப் படத்தின் முதல் பாகத்தில், பாதியிலேயே கதாநாயகன் செத்துவிடுவான் என்று பயந்துகொண்டா பார்த்தீர்கள்? அங்கே 'எப்படி' என்று பார்க்கிற நீங்கள் இங்கே மட்டும் 'என்ன' என்று கேட்கிறீர்கள். கொஞ்ச நாட்களாக நான் பழைய ஹாலிவுட் படங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதில் நடிகரின் உடம்பு எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும் கவனிக்கிறேன். சண்டைக்கும் காதல் நகைச்சுவைக்கும் தேவைப்படுவது ஒரே வித்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு உடம்புகள் ஒரே சட்டகத்துக்குள் முழுசாகத் தெரிய வேண்டும். ஒன்று அசைந்தால் மற்றது என்ன செய்கிறது என்பதை வெட்டாமல் காட்ட வேண்டும்.

இதை எனக்கு முதலில் காட்டியது எங்கள் அத்தை. தொண்ணூறுகளின் பிற்பகுதி, வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. பகலில் கார்ட்டூன் ஓடும் அதே சேனலில் ராத்திரியானால் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்கள் வரும். சப்டைட்டில் கிடையாது. அத்தைக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. மாமா இறந்தபிறகு எங்களோடு வந்து இருந்தார். தூக்கம் வராது. நான் பார்ப்பதை அவரும் பார்ப்பார். ஒருநாள் ஹாவர்ட் ஹாக்ஸின் 1938ஆம் வருடத்துப் படம், பிரிங்கிங் அப் பேபி. ஒரு விருந்து விடுதியில் கேத்தரின் ஹெப்பர்னின் கவுன் பின்பக்கம் கிழிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. கேரி கிராண்ட் தன் தொப்பியால் மறைக்கப் பார்க்கிறார். அவளோ அவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு விஷயம் புரிந்ததும் அவர் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவள் கால் வைக்கும்போது தானும் கால் வைத்து, இருவரும் ஒரே நடையாக வெளியேறுகிறார்கள்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் சொன்னார்: "அவ மானத்தை இவன் மறைச்சுட்டான். இனிமே எங்க போறது?" படம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஒரு வசனம்கூடப் புரியாமல் அந்தப் படம் அவருக்கு முழுதாகப் புரிந்தது என்றால், அது வசனத்தில் மட்டும் இல்லை, நடையில் இருந்தது என்றுதான் அர்த்தம்.

உழைப்பு ஆக்‌ஷனில்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேரி கிராண்ட் யார் தெரியுமா? சின்ன வயதில் இங்கிலாந்தில் பாப் பெண்டர் என்பவரின் குழுவில் சேர்ந்து, பல்டி அடிக்கவும் பொய்க்கால் கட்டி நடக்கவும் பழகியவர். அந்த விடுதிக் காட்சியின் நடை அங்கிருந்து வந்தது. உடம்பை முழுசாகக் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனம் தலை முதல் கால் வரை சட்டகத்தில் தெரிய வேண்டும், கூடுமானவரை வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அவர் நடித்த டாப் ஹாட் 1935இல் வந்தது. அதுவும் ஒரு காதல் நகைச்சுவைதான்.

இப்போது உங்கள் ஜான் விக்குக்கு வருவோம். அதன் இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, ஜான் விக்காக நடித்த கியானு ரீவ்ஸுக்கு அதற்கு முன் மேட்ரிக்ஸ் படத்தில் டூப் போட்ட ஸ்டண்ட் கலைஞர். 2014இல் அவர் ஜான் விக்கை எடுத்தபோது கேமராவைப் பின்னால் தள்ளி வைத்தார், ஷாட்டை நீளமாக விட்டார். நடிகர் பயிற்சி எடுத்திருந்ததால் அது முடிந்தது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் கேமராவை உலுக்கி, அரை நொடிக்கு ஒரு வெட்டு வைத்து, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாத சண்டைகள் எத்தனை வந்தன! உங்களுக்கு ஜான் விக் பிடித்ததே அஸ்டேர் கேட்டது அதில் கிடைத்ததால்தான். மனைவியின் படங்களில் அதையே நீங்கள் வேகம் கூட்டி அழிக்கிறீர்கள்.

ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, காதல் நகைச்சுவையில் நடப்பதெல்லாம் அங்கேதான். நோரா எஃப்ரான் எழுதி ராப் ரெய்னர் இயக்கிய வென் ஹாரி மெட் சாலியில் (1989) ஒரு தொலைபேசிக் காட்சி உண்டு. திரை மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒரு ஓரத்தில் ஹாரி, மறு ஓரத்தில் சாலி, நடுவில் ஒரே கட்டிலில் அவர்களுடைய இரண்டு நண்பர்கள். நான்கு பேரும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுகிறார்கள். யார் எப்போது நிறுத்துகிறார்கள், யார் எப்போது புகுகிறார்கள் என்பதுதான் அந்தக் காட்சி. உங்கள் வேகத்தில் அது வெறும் இரைச்சல். ஜான் விக்கை ஒன்றரை மடங்கில் பார்ப்பீர்களா? மாட்டீர்கள். கோபம் வரும். அந்தக் கோபம் இங்கேயும் வர வேண்டும்.

இன்று வரும் காதல் நகைச்சுவைப் படங்களில் பல சலிப்பூட்டுகின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன். காரணம், கதை தெரிந்திருப்பதல்ல. அவள் முகம், அவன் முகம், மறுபடி அவள் முகம் என்று தனித்தனியாக வெட்டி ஒட்டுகிறார்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தார்களா என்றே சந்தேகம் வருகிறது. ஆக்‌ஷன் படங்களைக் கெடுத்த அதே கத்தரிதான்.

பத்துப் படப் பட்டியல் நான் தரப்போவதில்லை. நீங்கள் பலமுறை பார்த்திருக்கக்கூடிய டை ஹார்டையே இந்த வாரம் மனைவியோடு பாருங்கள். புரூஸ் வில்லிஸ் அதற்கு முன் பெயர் வாங்கியது மூன்லைட்டிங் என்ற தொலைக்காட்சித் தொடரில். இரண்டு பேர் ஓயாமல் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் தொடர் அது. டை ஹார்டிலும் முதலில் நடப்பது கணவன் மனைவி சண்டைதான். வில்லிஸ் நடித்த ஜான் மெக்லேன், மனைவி ஹோலியின் அலுவலக வரவேற்பறைக் கணினியில் ஹோலி மெக்லேன் என்று தேடுகிறான், பெயர் இல்லை. ஹோலி ஜெனரோ என்று, பிறந்த வீட்டுப் பெயரில் இருக்கிறது. அதை வைத்துச் சண்டை. அவள் போனபிறகு தன்னையே திட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கும்போதுதான் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அந்த வெறுங்காலால்தான் பிறகு கண்ணாடித் துண்டுகள் மேல் நடக்கிறான்.

கடைசியில் எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவன் அவளை ஹோலி ஜெனரோ என்றே அறிமுகப்படுத்துகிறான். அவள் திருத்துகிறாள்: ஹோலி மெக்லேன். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அவன் இறங்கி வந்ததே போதும், அவள் தன் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மனைவி இந்த வகைப் படங்களை நம் இருவரையும்விட நன்றாகப் பார்ப்பவர் என்று தோன்றுகிறது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்