ராத்திரி பெல் அடித்தால் கதவைத் திறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. சேலம் அழகாபுரம் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு பெங்களூருவில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் நான், மாமியார், 7 வயது மகள் மட்டும்தான். ஒரு மாதமாக எங்கள் பிளாக்கிலேயே மேல்மாடியில் இருப்பவர் பத்தரை, பதினோரு மணிக்கு வந்து பெல் அடிக்கிறார். ‘அண்ணன் இருக்காருங்களா?’ என்பார். இல்லை என்பது அவருக்கே தெரியும். குடித்திருப்பார். சனிக்கிழமை மட்டும் வருவதில்லை. முதல் தடவை தெரிந்தவர்தானே என்று திறந்தேன். தண்ணீர் கேட்டார், சொம்போடு திரும்பி வந்து பார்த்தால் ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே இருந்தது. அதற்குப் பிறகு நான்கு தடவை வந்துவிட்டார். அசோசியேஷன் செயலாளரிடம் சொன்னால் ‘நல்ல பையன்தாங்க, குடிச்சா கொஞ்சம் பேசுவான், கண்டுக்காதீங்க’ என்கிறார். வெளியே சொன்னால் நம் பெயர்தான் கெடும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் சண்டைக்குப் போய்விடுவாரோ என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பெல் அடித்தாலே மகள் என் நைட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். சனிக்கிழமை மட்டும் வருவதில்லை. உங்கள் செயலாளருக்கு இந்த ஒரு வரி போதும். போதையில் தெரியாமல் வருகிறவருக்கு, எந்த ராத்திரி வரக்கூடாது என்று மட்டும் எப்படித் தெரிகிறது? டாஸ்மாக் 10 மணிக்கு மூடுகிறது, இவர் பத்தரைக்கு வருகிறார், அதனால் குடிதான் காரணம் என்று செயலாளர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். கணக்குப் பார்த்து வருகிற ஆள் இவர்.

இனிமேல் அவருக்காகக் கதவு திறக்க வேண்டாம், தண்ணீருக்கும் சரி, மாத்திரைக்கும் சரி. நம் பக்கத்தில் யார் வந்தாலும் ‘வாங்க’ என்ற பிறகுதான் ‘என்ன விஷயம்ங்க’ என்று கேட்டுப் பழக்கம், அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதனால்தான் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பேசினால் மரியாதைக் குறைவாகப் படுகிறது. எனக்கும் அப்படித்தான் பட்டது. பல வருடத்துக்கு முன் சேலம் குகைப் பகுதியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தபோது, ‘அக்கா, மோட்டார் ரூம் சாவி வேணுங்க’ என்று பதினோரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். அக்கா என்கிறாரே என்று திறந்தேன். நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மா சத்தம் கேட்டு வந்து நின்றபோதுதான் எழுந்து போனார். அவருடைய ஈரச் செருப்புத் தடம் மறுநாள் காலையிலும் சிமெண்ட் தரையில் மண்ணாகக் காய்ந்து கிடந்தது. வந்தவருக்கு நாம் கொடுக்க வேண்டியது ஒரு பதில்தான், அதைக் கதவுக்குப் பின்னால் இருந்தே கொடுக்கலாம்.

என்ன பதில் சொல்வது? ‘அவர் தூங்குறாருங்க’ என்று சொல்லாதீர்கள். கீழே பார்க்கிங்கில் வண்டி இல்லாதது அவருக்குத் தெரியும், அல்லது ‘எழுப்புங்க’ என்பார், அப்புறம் அதற்கு ஒரு பொய் தேட வேண்டும். காரணம் சொல்ல ஆரம்பித்தாலே பேச்சு வளரும். ‘ராத்திரியில இங்க வராதீங்க. இனி வந்தா போலீசுக்குச் சொல்லுவேன்.’ அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. மாமியாரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ‘யாரு கண்ணு அது இந்நேரத்துல?’ என்று ஒரு பெரியவர் குரல் உள்ளேயிருந்து வந்தால் அதற்கு ஒரு பலம் உண்டு.

இப்படித் தெளிவாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 78-வது பிரிவு, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச்சுக் கொடுக்க முயல்வதைக் குற்றம் என்கிறது. முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை. பயமுறுத்தவோ தொல்லை கொடுக்கவோ வீட்டுக்குள் நுழைவது 329-வது பிரிவு, ஓர் ஆண்டு வரை. உடம்பில் ஏதாவது ஒரு பாகம் உள்ளே வந்தாலே அது நுழைந்ததாகத்தான் கணக்கு, அதாவது நிலைப்படிக்கு உள்ளே இருந்த அந்தக் கால் சின்ன விஷயம் இல்லை. எந்தப் பிரிவில் போடுவது என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும், ‘வராதே’ என்று நீங்கள் சொன்னதற்கு ஒரு சாட்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைக்கே ஒரு நோட்டில் ஐந்து தடவையும் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், என்ன சொன்னார், எவ்வளவு நேரம் நின்றார். மாடிப்படியிலோ கேட்டிலோ கேமரா இருந்தால் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழிந்துவிடும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். எழுத்தாகக் கேட்டால் ‘கண்டுக்காதீங்க’ என்று பதில் எழுத அவருக்கும் கை வராது.

மறுபடி வந்து நின்றால் 112-க்கு அடியுங்கள், 100-ம் வேலை செய்யும். முதலில் முகவரி, பிளாக், மாடி, பிறகு விஷயம். இணைப்பு அறுந்தாலும் அவர்களிடம் இடம் இருக்கும். அவர் போகும்வரை காத்திருந்து மறுநாள் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். புகாராகக் கொடுக்க அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கே போகலாம். தமிழ்நாட்டில் 1992-லிருந்து அவை இருப்பதே, ஆண் போலீஸ் எதிரில் நின்று சொல்லத் தயங்குகிறவர்களுக்காகத்தான். எழுதிக் கொடுத்ததும், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம்.

அப்புறம் அந்தக் கதவு. சங்கிலி போட்டிருப்பதாக நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அது அரை இஞ்ச் ஸ்க்ரூவில் நிற்கும், தோளால் ஓர் இடி கொடுத்தால் கையோடு வந்துவிடும். கார்பெண்டரை வைத்து நிலைக்குள் ஆழமாக இறங்குகிற நீள ஸ்க்ரூ போடுங்கள். வெளியே கிரில் கேட் இருந்தால் எட்டு மணிக்கே உள்பக்கமாகப் பூட்டுங்கள், சாவி கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கட்டும். கதவு லென்ஸில் பார்க்கும்போது ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் லென்ஸ் இருட்டாவதை வைத்து உள்ளே ஆள் நிற்பது வெளியே தெரியும். ஆள் வந்தால் தானாக எரிகிற சென்சார் பல்ப் ஒன்றை வராண்டாவில் மாட்டுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஞாயிறு, பகலில், மகள் பக்கத்தில் இல்லாதபோது. நோட்டைக் கையில் கொடுத்து, ‘நீங்க மேல போய் அவர்கிட்ட பேச வேண்டாம், என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க’ என்று சொல்லுங்கள். செய்ய ஒரு வேலை இருந்தால் கோபமும் அந்தப் பக்கம் திரும்பும். மாமியார் சொல்கிற பெயர் கெடுகிற விஷயம்: இப்போதே அடுத்த வீட்டுக்கு பெல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வாயிலிருந்து கேட்காதவரை அவர்களாக ஒரு கதை வைத்துக்கொள்வார்கள். நாளைக் காலை கோலம் போடும்போது அந்த வீட்டு அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மகளிடமும் சொல்லுங்கள். ‘பெல் அடிச்சாலும் அம்மா திறக்கமாட்டேன், போலீசுக்கு போன் பண்ணுவேன்’ என்று, சாதாரணமாக, தலை பின்னிவிடும்போது.

கேள்வி: ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் சின்ன அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறேன், வயது 71. சனி, ஞாயிறு ராத்திரிகளில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதி என்று நினைத்து என் கதவைத் தட்டுகிறார்கள். மே மாதம் தூங்கவே முடிவதில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, 20 கொண்டை ஊசி வளைவு ஏறிக் களைத்து வருகிறவர்கள், முதலில் கண்ணில் படுகிற வாசலைத் தட்டுகிறார்கள். பக்கத்து விடுதி கூகுள் மேப்பில் உங்கள் கட்டடத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும். திருத்தம் மேப்பிலேயே அனுப்பலாம், விடுதிக்காரரையும் மாற்றச் சொல்லலாம். ‘இது குடியிருப்பு, விடுதி இல்லை’ என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு, அதன் மேல் விளக்கு. கோடை விழாவுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: உண்மையிலேயே உதவி கேட்டு வந்தவராக இருந்தால்? ஒரு பெண் அழுதுகொண்டே ‘காப்பாத்துங்க’ என்று தட்டினால் நான் கதவை மூடியே வைத்திருப்பது பாவம் இல்லையா?
– அம்மாபேட்டை வாசகி

பதில்: நிச்சயம் உதவுங்கள். ‘உள்ள இருந்து போன் பண்றேம்மா, பயப்படாதே, இங்கேயே நில்லு’ என்று சொல்லிவிட்டு 112, அடிபட்டிருந்தால் 108. அவள் நிற்கிற இடத்துக்கு வெளிச்சம் போடுங்கள், பக்கத்து வீடுகளை போனில் எழுப்புங்கள். நான்கு பேர் வராண்டாவில் வந்து நின்ற பிறகு கதவைத் திறந்து, அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அதுவரை அவளோடு பேசிக்கொண்டே இருங்கள்.