எழுப்புதலும் சீர்திருத்தமும்: ஒரு பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். ‘அமெரிக்கச் சமய எழுச்சியும் சமூகச் சீர்திருத்தமும்’ என்ற வினாவுக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வருகிறது. பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. எப்படி இணைப்பது?

பதில்: தேதிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ராச்செஸ்டர் என்ற ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரி கால்வாயாலும் மாவு ஆலைகளாலும் கொழித்த நியூயார்க் மாநில ஊர். 1830 செப்டம்பரில் எழுப்புதல் (சமய எழுச்சி) பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி அங்கே வந்து ஆறு மாதம் பிரசங்கித்தார். முன்பு வக்கீல் தொழில் பார்த்தவர். பிரசங்கமும் வாதாடுவதுபோலவே இருக்கும். மனம் கலங்கியவர்களுக்கென்று முன்வரிசையில் பெஞ்சு ஒதுக்கியிருப்பார். ஊரார் பார்க்க எழுந்துபோய் அதில் உட்கார வேண்டும்.

உங்கள் விடை அந்தப் பெஞ்சில் இருக்கிறது. யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் முன்குறித்துவிட்டார் என்பது கால்வின் வழிவந்த புராட்டஸ்டன்டு சபைகளின் பழைய போதனை. பாவம் மனிதன் தானே தேர்ந்துகொண்டது, இன்றைக்கே விட்டுவிடலாம் என்றார் ஃபின்னி. ‘இன்றைக்கே’ என்பதை அடிக்கோடிடுங்கள். குடியையும் அப்படி விடலாம் அல்லவா? அந்த ஆண்டின் கடைசி நாளில் அவருடைய சீடர் தியடோர் வெல்ட் அவ்வூரில் மதுவுக்கு எதிராக மணிக்கணக்கில் பேசினார். மறுநாள் வணிகர்கள் சிலர் விஸ்கி பீப்பாய்களைத் தெருவுக்கு உருட்டிவந்து உடைத்தார்கள்.

அதே வெல்ட் 1834-இல் சின்சினாட்டியின் லேன் இறையியல் பள்ளியில் 18 இரவுகள் அடிமைமுறை விவாதத்தை முன்னின்று நடத்தினார். படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று மாணவர்கள் முடிவெடுத்தார்கள். மீண்டும் அதே ‘இன்றைக்கே’. நிர்வாகம் வாயைக் கட்டப் பார்த்ததும் பெரும்பாலோர் வெளியேறினர். பலர் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார்கள். 1835-இல் ஃபின்னியும் அங்கே பேராசிரியரானார். கறுப்பின மாணவர்களைச் சேர்க்க அக்கல்லூரி முடிவெடுத்ததும் அதே ஆண்டில்தான்.

எழுப்புதல் வந்தால் சீர்திருத்தம் தானாக வரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களிலும் கூட்டங்கூட்டமாக மனந்திரும்பினார்கள். பைபிளைக் காட்டியே அடிமைமுறைக்கு வக்காலத்தும் வாங்கினார்கள். அந்தச் சண்டையில் 1844-இல் மெதடிஸ்டு சபையார் இரண்டாகப் பிளந்தனர், மறு ஆண்டு பாப்டிஸ்டு சபையார். இதைக் கடைசியில் ஒட்டவைக்காமல் லேன் கதைக்கு அடுத்தே வையுங்கள். (யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் அமெரிக்க மிஷனரிகளைக் கொண்டுசேர்த்ததும் இந்த எழுப்புதல் அலைதான். ஆசையாகத்தான் இருக்கும், விடையில் நுழைக்காதீர்கள்.) 1848 செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டுக்கு ஒரு பத்தி போதும். அங்கே ஃபின்னியைவிடக் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் பங்கு பெரிது.