பையர் கேட்கும் சிஎஸ்ஆர்: கோயில் நன்கொடை கணக்கில் வருமா?

கேள்வி: வணக்கங்க. திருப்பூர் பெருமாநல்லூர் பக்கம் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறோம். பிரைவேட் லிமிடெட், வருச லாபம் இரண்டு கோடிக்குள்தான். மொத்தம் 240 பேர், பாதிக்கு மேல் பெண்கள், 80 பேர் ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள். எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவர் ஆர்டர் உறுதி செய்யும் முன் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு), டைவர்சிட்டி (எல்லாத் தரப்பு ஆட்களுக்கும் இடம்) பற்றிப் பெரிய படிவம் அனுப்பியிருக்கிறார். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் தவறாமல் கொடுக்கிறோம். அதைக் காட்டினால் போதுமா? கன்சல்டன்ட் ஒருத்தர் ரெடியாக பாலிசி எழுதித் தருகிறேன் என்கிறார். அமெரிக்காவிலேயே டைவர்சிட்டியைக் கைவிட்டுவிட்டார்களே, நமக்கு எதற்கு இது?

பதில்: முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொருந்தாது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றையாவது எட்டியிருந்தால்தான் சிஎஸ்ஆர் கடமை வரும். எட்டியவர்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். நீங்கள் சொல்லும் லாபத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாளைக்கே அந்த வரம்பைத் தாண்டினாலும் பள்ளிக்குச் செய்வது கணக்கில் வரும். எதெல்லாம் சிஎஸ்ஆர் என்று சொல்லும் சட்டத்தின் 7-வது அட்டவணையில் கும்பாபிஷேகச் செலவுக்கு இடமில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நம் சட்டப்படி சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது. கம்பெனி கேட்டுக்கு வெளியே செய்வதுதான் கணக்கு. ஐரோப்பிய பையர் கேட்பது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். உங்கள் தொழில் மனிதர்களையும் சுற்றுப்புறத்தையும் என்ன செய்கிறது என்பதே அவர் கேள்வி. அது கேட்டுக்கு உள்ளே, தையல் லைனிலும் ஹாஸ்டலிலும் சம்பள ரிஜிஸ்டரிலும் தொடங்குகிறது. பள்ளிக்கு பெஞ்ச் வாங்கிக் கொடுத்த போட்டோவை அனுப்பினால் நல்ல மனிதர் என்று நினைப்பார், ஆனால் படிவம் காலியாகத்தான் இருக்கும்.

அவர் இவ்வளவு துருவுவதற்கு நம் பக்கமே காரணம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தை யாரும் மறக்கவில்லை. மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்து வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி இளம்பெண்களைக் கொண்டுவந்த கதை 2011 வாக்கில் ஐரோப்பியப் பத்திரிகைகள் வரை போனது. 2013-ல் வங்கதேசத்தின் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரக்கு தரும் கம்பெனிகளில் மனித உரிமை மீறல் இல்லையா என்று பெரிய நிறுவனங்கள் பார்க்க வேண்டும் என்னும் சப்ளை செயின் சட்டமே ஜெர்மனியில் 2023 முதல் அமலில் இருக்கிறது. பெரிய பையரிடம் அவர் நாட்டு அதிகாரி கேட்பதைத்தான் அவர் உங்களிடம் கேட்கிறார்.

சரி, படிவத்துக்கு வருவோம். பெண்கள் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு 50-க்கு மேல் என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியும் அதை எழுதலாம். சம்பள ரிஜிஸ்டரை எடுத்து வேலை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கட்டிங், அயர்ன், டெய்லர், செக்கிங், கைமடி (டெய்லருக்குத் துணை ஆள்), பேக்கிங், சூப்பர்வைசர், ஆபீஸ். ஒவ்வொன்றிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வெளி மாநிலத்தவர் எத்தனை, ஒரு ஷிப்டுக்குக் கூலி எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் வரும் படம் எனக்குத் தெரிந்ததுதான்: செக்கிங்கும் கைமடியும் பெண்கள், கூலி கூடிய கட்டிங் முழுக்க ஆண்கள், பத்து வருடமாக மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா இன்னும் டெய்லர், அவருக்கு மேல் நேற்று வந்த தம்பி சூப்பர்வைசர். பையர் பார்க்க வேண்டிய தாள் இதுதான். அவரைவிட நீங்கள் பார்க்க வேண்டிய தாளும் இதுதான்.

சாதி பற்றிப் படிவத்தில் கேள்வி இருக்காது. ஆனால் கொங்குப் பகுதியில் தொழில் நடத்தும் நமக்கு அது இல்லாமல் பேச்சு முழுமையாகாது. வெளிநாட்டிலும் இதை உணரத் தொடங்கிவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. யாரிடமும் சாதி கேட்டுப் பதிவு செய்யாதீர்கள், அது வேறு வம்பு. கடைசியாக சூப்பர்வைசர் ஆனவர்கள் எப்படி வந்தார்கள் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். எல்லோரும் சொந்தக்காரர், ஒரே ஊர், பங்காளி சொன்ன ஆள் என்று வந்தால், அடுத்த இடம் காலியாகும்போது நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டி, ஒரே மாதிரி தேர்வு வைத்து எடுங்கள்.

உங்கள் 80 வெளி மாநிலத் தொழிலாளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோ பரவி, அந்தத் தொழிலாளிகள் திருப்பூரை விட்டு ஊருக்குக் கிளம்பியது உங்களுக்கும் நினைவிருக்கும். வதந்தி பொய்தான். அவ்வளவு வேகமாக அதை நம்பியதற்குக் காரணம், பயம் வந்தால் பேசுவதற்குக் கம்பெனிக்குள் அவர்கள் மொழியில் ஆள் இல்லை என்பதே. புகார்ப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் மேஜைக்கு எதிரே, சிசிடிவி கேமராவுக்குக் கீழே மாட்டியிருப்பார்கள். மேலே தமிழில் மட்டும் எழுதியிருக்கும். பூட்டில் துரு ஏறியிருக்கும். ஒடிசாப் பெண் அதில் எதை எழுதிப் போடுவார்? பெட்டியைக் கழிப்பறைப் பக்கம் மாற்றுங்கள், ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள், வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஒரு நம்பர் கொடுங்கள். சம்பளச் சீட்டு அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். காண்ட்ராக்டர் கமிஷன் பிடிக்கிறாரா என்று அவர்களையே தனியாகக் கேளுங்கள். பையர் அனுப்பும் ஆடிட்டரும் தனியாகத்தான் கேட்பார்.

பையர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நம் சட்டமே கேட்பவை சில உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பல இடங்களில் குழு சுவரில் ஒட்டிய தாளில் மட்டும்தான் இருக்கிறது. குழுவில் இருக்கும் பெண்ணைக் கேட்டால் அவருக்கே தெரிவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 உங்களைப் போன்ற தனியார் கம்பெனியிடமும் சம வாய்ப்புக் கொள்கை கேட்கிறது. 

இனி அமெரிக்கா. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அரசுத் துறைகளிலும் அரசு ஒப்பந்ததாரர்களிடமும் டைவர்சிட்டித் திட்டங்களை நிறுத்த உத்தரவு போட்டார். பல பெரிய நிறுவனங்களும் பின்வாங்கின. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-ல் கொண்டுவந்த சப்ளை செயின் விதி அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டது. ஆனால் அமெரிக்காவில் சண்டை பெரும்பாலும் ஆபீஸ் வேலைக்கு யாரை எடுப்பது என்பதில். உங்கள் லைனில் சமக் கூலி கொடுப்பதையும் சூப்பர்வைசர் கை நீட்டாமல் இருப்பதையும் எந்த உத்தரவும் ரத்து செய்யவில்லை.

கன்சல்டன்ட் தரும் ரெடிமேட் பாலிசியை வாங்காதீர்கள். உங்களிடம் இல்லாத கமிட்டியும் நடக்காத பயிற்சியும் அதில் இருக்கும். ஆடிட் அன்று இரண்டு தொழிலாளிகளிடம் பேசினாலே வெளிவந்துவிடும். பையருக்குப் பொய் எழுதுவது குறையைவிடப் பெரிய பாதிப்பு. வேலைவாரித் தாளை அப்படியே அனுப்புங்கள். பெண் சூப்பர்வைசர் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். கூடவே, எதை எந்த மாதத்துக்குள் சரிசெய்வோம், யார் பொறுப்பு என்று ஒரு பக்கத் திட்டம் வையுங்கள். நான் பார்த்தவரை பையர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுப்பதைத் தாராளமாகத் தொடருங்கள்; படிவத்தில் சமூகப் பங்களிப்பு என்ற கட்டம் தனியாக இருந்தால் அங்கே பள்ளி வேலையை இரண்டு வரியில் எழுதினால் போதும்.