வீடு வாங்குபவர் நீட்டும் ரிப்பேர் பட்டியல்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 17 வருடப் பழைய எங்கள் ஃபிளாட்டை 92 லட்சத்துக்குப் பேசி முடித்தேன். 1 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் வங்கி வழியாக வந்துவிட்டது. ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. இப்போது வாங்குபவர் ஓர் இன்ஜினியரை அழைத்துவந்து காட்டி, குளியலறைக் கூரையில் ஓதம், பழைய ஒயரிங், சமையலறை அலமாரி, பெயின்ட் என்று பட்டியல் போட்டிருக்கிறார். 4.5 லட்சம் செலவாகுமாம். எல்லாவற்றையும் சரிசெய்து தரச் சொல்கிறார். ஓதக் கறையைப் போன மழைக்குப் பிறகு நான்தான் பெயின்ட் அடித்து மறைத்தேன். செய்து கொடுப்பதா, மறுப்பதா?
- ஓய்வுபெற்ற வாசகி, சென்னை

பதில்: அம்மா, பெயின்ட் அடித்து மறைத்த விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. சொல்லாமல் விடுவதை அதே பிரிவு மோசடி என்கிறது. பத்திரப் பதிவுக்கு முன்பே இன்ஜினியர் கண்ணில் பட்டது உங்கள் நல்ல காலம்.

ஓதம் மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்குகிறது என்றால், உங்கள் கூரையில் என்ன பூசினாலும் நிற்காது. மேலே தரையைப் பெயர்த்து நீர்க்கசிவுத் தடுப்பு செய்ய வேண்டும். மேல் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், மசியாவிட்டால் குடியிருப்போர் சங்கத்தை நடுவில் வையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் நீங்கள் நின்று முடித்துக் கொடுங்கள். புதிதாக வருகிறவர் மேல் வீட்டுக்காரரோடு சண்டையில் குடித்தனத்தைத் தொடங்க விரும்பமாட்டார்.

அலமாரிக்கும் பெயின்டுக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். முதல் நாளே கண்ணெதிரே இருந்தவை அவை. அதைப் பார்த்துத்தானே 92 லட்சம் பேசினார்? 17 வருட வீட்டில் புது அலமாரி கேட்பவர் விலையைத்தான் குறைக்கப் பார்க்கிறார்.

ஒயரிங் நியாயமான கேள்வி. உங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். அது 1.5 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், விலையில் குறையுங்கள். செய்து கொடுத்தால் ஸ்விட்ச் நிறம் பிடிக்கவில்லை என்பதில் தொடங்கி, ஆள் வரவில்லை, கெடு தாண்டியது என்று முடியும். கணக்கும் இதற்கே சாதகம். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது வீட்டை விற்பதில் வரும் லாபத்துக்கு, 12.5 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். விலையில் 1.5 லட்சம் குறைந்தால் இந்தக் கணக்கில் உங்கள் வரி 19,500 ரூபாய் குறையும். (ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டு வரிவிலக்கு பெறப் போகிறீர்கள் என்றால் இந்த லாபம் இல்லை.) சாதாரண ரிப்பேர் செலவை ஆதாயத்தில் கழிப்பது கடினம். வாங்குபவருக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 13,500 ரூபாய் மிச்சம். பேச்சில் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தோன்றாது. விலை, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பத்திரத்தில் 92 இருக்கட்டும், குறைத்த தொகையைக் கையில் திருப்பிக் கொடுங்கள்' என்று வாங்குபவர் கேட்கலாம். வேண்டவே வேண்டாம். வாங்காத பணத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் அபராதம் அதே தொகை அளவுக்குப் போகலாம்.

புது விலையை ஒப்பந்தம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். அவருடைய வங்கி கடன் தொகையைத் தீர்மானிக்க ஒப்பந்த விலையையும் பார்க்கும். பிறகு மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஓதம் இருந்தது, இன்ன தேதியில் சரிசெய்யப்பட்டது, மற்றவை இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகின்றன என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அவர் 4.5 லட்சத்திலேயே நின்றால் டோக்கன் பணத்தை வங்கி வழியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டுங்கள். ஆனால் குளியலறை வேலை முடிந்த பிறகு.