கடலில் மிகப் பெரிய சுறா எது? அது ஆளைத் தின்னுமா?

திமிங்கிலச் சுறா. தின்னாது.

பிள்ளையின் பாடசாலை ஒப்படைக்காகத்தான் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் இந்தப் பத்தியே போதும். நம்பகமாகப் பதிவானவற்றுள் மிகப் பெரியது 18.8 மீற்றர். வாய் ஒன்றரை மீற்றர் வரை விரியும், ஆனால் உள்ளே போவது மிதவை உயிர்களும் மீன்முட்டையும் நெத்தலியும்தான். "நீலத் திமிங்கிலம் இதைவிடப் பெரிதல்லவா?" என்று கிளம்புகிறவர்களுக்கு: அது மீனே அன்று, குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு. மெகலோடனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு: அது அழிந்து முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

நான் எழுத வந்த காரணம் வேறு. 2003, போர் நிறுத்தப்பட்டிருந்த சமாதானக் காலம். எனக்கு 13 வயது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிப் பக்கம், ஒரு சம்மாட்டியின், அதாவது வலைச் சொந்தக்காரரின், கரைவலையில் அப்பா பங்குக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலை வலை வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது. நெத்தலி குவியப்போகிறது என்று எல்லோருக்கும் வாயெல்லாம் பல். வலையின் பை போன்ற மடி கரையை நெருங்கியபோது தண்ணீருக்குள் ஒரு கரும்பாறை அசைந்தது. முதுகு நிறைய வெள்ளைப் புள்ளிகள், கோலம் போடப் புள்ளி வைத்து அப்படியே விட்டுவிட்டதைப் போல. எங்கள் வள்ளத்தைவிடச் சற்றே நீளம். அந்த இனத்தில் அது குட்டிதான். நெத்தலிக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு வந்து மடிக்குள் அகப்பட்டிருந்தது.

மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். அப்பா கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி மடியைக் கத்தியால் கிழித்தார். சுறா போனது. நெத்தலியும் போனது. படம் எங்கே என்று கேட்காதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வீட்டில் கமெராவுக்கு எங்கே போவது?

அப்பாவை மகானாக்கவும் நான் வரவில்லை. இலங்கையில் இந்தச் சுறாவைப் பிடிக்க 2015இல்தான் தடை வந்தது. அப்பா மடியைக் கிழித்தபோது அப்படியொரு சட்டமும் இல்லை, அவரிடம் கருணையும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அது முழு வலையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பதுதான் அவர் கணக்கு. வலையைக் காப்பாற்றியவரின் பங்கில் சம்மாட்டி மடிக்கான காசைக் கழித்தார், அந்தப் பருவம் முழுவதும். வாடைக்காற்று தொடங்கி, பருவம் முடிந்து வலையை ஏற்றியபோது மிஞ்சியதில் எனக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கவும் காணவில்லை.

இப்போது அந்தச் சம்மாட்டியின் மகன் திமிங்கிலம் காட்டப் படகு ஓட்டுகிறார். நாலைந்து படகுகள் சேர்ந்து ஒரு திமிங்கிலத்தை வளைத்து இயந்திரத்தை முடுக்குவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். போன வருடம் டிக்கெட் எடுத்து, யாரோ போல ஏறி உட்கார்ந்தேன். அவர் சொன்ன கதையில் கத்தியோடு கடலில் குதித்தவர் அவருடைய தகப்பனார். சுறாவும் இருபது மீற்றருக்கு வளர்ந்திருந்தது.