வெறுங்காலும் வெயில் தரையும்

கேள்வி: இந்தக் கோடை முழுக்கச் செருப்பே போடுவதில்லை என்று முடிவெடுத்து ஐந்து நாள் ஆகிறது. வீடு, தெரு, கடை, எங்கே போனாலும் வெறுங்கால்தான். நண்பகலில் தார்ச்சாலையில் தினமும் கால் மணி நேரம் நடந்தால் தோல் காய்த்துப்போய், பிறகு எந்தச் சூடும் உறைக்காது என்று நண்பர் சொன்னதால் அதையும் செய்கிறேன். முன்பாதத்தில் நேற்று இரண்டு கொப்புளம் வந்துவிட்டது. பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள என் அப்பாவும், பாத எரிச்சல் குறையும் என்று நான் சொன்னதை நம்பி என்னோடு நடக்கிறார். அவருக்குச் சூடே தெரியவில்லையாம்; என்னைவிட நன்றாக நடக்கிறார். எங்கள் இருவருக்கும் உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: முதலில் உங்கள் அப்பா. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்; அவரைச் செருப்புப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுக்குள்ளும் அவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. உங்களுக்குக் கொப்புளம் போட்ட அதே தரை அவருக்குச் சுடவே இல்லை என்றால், பாதத்திலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு கெட்டிருக்கிறதோ என்றுதான் பயப்பட வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் முதலில் நலிவது உடம்பின் மிக நீளமான நரம்புகள், அதாவது கால்விரல் நுனிவரை ஓடுபவை. அந்தப் பாத எரிச்சலே நரம்பு பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். வெறுங்கால் நடை அதைக் குணமாக்காது.

இப்போதே அவரை உட்காரவைத்து உள்ளங்கால், குதிகால் ஓரம், விரல் இடுக்கு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமோ, சிவப்போ, நிறம் மாறிய இடமோ, சின்ன வெட்டோ கண்ணில் பட்டால் இன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். அங்கே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தாமல், தடவாமல், ஒரே ஒரு தரம். வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஆறும் சரியாகச் சொன்னார் என்று செருப்பைக் கழற்றிவிடாதீர்கள். தொடுகையைச் சொல்வது பருத்த நரம்பிழை, சூட்டைச் சொல்வது மெல்லிய இழை. முதலாவது நன்றாக இருக்கும்போதே இரண்டாவது செத்திருக்கலாம். செருப்பை மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு வேண்டும். உள்ளே கிடக்கும் ஒரு பொடிக்கல்லை அவர் கால் நாள் முழுக்கக் கண்டுகொள்ளாது.

இனி உங்கள் கால். செருப்பில்லாமல் இருக்கும் ஆசையில் தவறே இல்லை. நண்பகல் தார்ச்சாலையில் நடந்து பழகுவதுதான் தவறு, நண்பர் சொன்ன காரணமும் தவறு. தோல் காய்ப்பது உராய்வுக்கும் அழுத்தத்துக்கும். கல்லும் மண்ணும் தேய்க்கத் தேய்க்க மேல்தோல் அடுக்கடுக்காகத் தடிக்கும். சூடு அதைத் தடிக்கவைப்பதில்லை, அடியிலிருந்து பிரித்து எடுக்கிறது. உங்கள் முன்பாதத்தில் நடந்திருப்பது அதுதான். காய்க்க வேண்டிய தோல், கீழே நீர் கோத்து, கழன்று நிற்கிறது. தடித்த தோல் மரத்த தோலும் அல்ல. வெறுங்காலில் நடப்பவர்களையும் செருப்பு போடுபவர்களையும் ஒப்பிட்டு 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் பாதத்தின் தொடுஉணர்ச்சி குறைவதில்லை என்று கண்டது. நல்ல காய்ப்பு கல்லிலிருந்து காப்பாற்றும், கல் இருப்பதையும் சொல்லும். வெறுங்காலின் பெருமையே அதில்தான் இருக்கிறது. எந்தச் சூடும் உறைக்காத பாதம் வேண்டும் என்பது உங்கள் அப்பாவின் நிலைமையைக் கேட்டு வாங்குவது போல.

கணக்கையும் பாருங்கள். நிழலில் காற்று 35 டிகிரி காட்டும் நாளில், வெயில் விழும் தார் 60 டிகிரியைத் தாண்டும். 60 டிகிரிப் பொருள் ஐந்து நொடி ஒட்டியிருந்தால் சாதாரணத் தோல் வெந்துவிடும். 50 டிகிரிக்குச் சில நிமிடம் போதும். உள்ளங்கால் தோல் தடிமன் என்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். நடக்கும்போது ஒரு பாதம் ஒரு நொடிக்கும் குறைவாகவே தரையில் இருக்கிறது, உண்மை. ஆனால் அது மேலே தூக்கியிருக்கும் நேரம் இன்னும் குறைவு. வாங்கிய சூடு இறங்குவதற்குள் அடுத்த சூடு ஏறுகிறது. அதனால்தான் முதல் நூறு அடி சமாளிக்க முடிகிறது, கால் மணி நேரம் முடிவதில்லை. யாரோடாவது நின்று பேசினால் நிலைமை இன்னும் மோசம்.

தரைக்குத் தரை வித்தியாசம் உண்டு. சாலை ஓரத்தில் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டில் ஒரு காலும் அதை ஒட்டிய கருந்தாரில் ஒரு காலும் வைத்துப் பாருங்கள். ஒரே வெயிலில் இரண்டு தரை. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சாக்கடை மூடி இரும்பு என்றால் மிதிக்கவே வேண்டாம். பக்கத்துத் தரை அளவுக்கே சூடாக இருந்தாலும் உலோகம் சூட்டைச் சட்டென்று காலுக்குள் தள்ளிவிடும். அதே சூட்டில் மரப்பலகை மெதுவாகத்தான் தரும். உலர்ந்த மணல் பாதம் புதையப் புதையப் பக்கவாட்டையும் மேற்புறத்தையும் சுடும், அந்தத் தோல் மெல்லியது. பச்சைப் புல் தன் ஈரத்தால் குளிர்ந்து நிற்கும். செயற்கைப் புல்தரை பார்வைக்குத்தான் புல். நண்பகலில் தாரைவிடக் கொதிக்கும். இறங்கும் முன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி எண்ணுங்கள். எடுக்கத் தோன்றினால் அந்தத் தரை வேண்டாம். சாயங்காலம் என்பதாலேயே இறங்கிவிடாதீர்கள், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார் பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். காலைப் பொழுதே நல்லது.

வெறுங்கால் என்றதும் பலர் அபேபே பிகிலாவைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கம் வென்றவர். ஆனால் அந்த ஓட்டம் தொடங்கியது மாலையில், முடிந்தது இருட்டில். அவர் முன்பே வெறுங்காலில் ஓடிப் பயின்றவர். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டுதான் வென்றார்.

வெறுங்காலால் உண்மையிலேயே கிடைப்பவை உண்டு. விரல்கள் விரிந்து நிற்கும், பாதத்தின் சிறு தசைகளுக்கு வேலை வரும், வியர்வை காய்ந்துவிடுவதால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவது குறையும். 2300 குழந்தைகளை வைத்து 1992இல் வெளியான இந்திய ஆய்வில், காலணி போட்டவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. கண்பார்வை தெளியும், மண்ணின் மின்சாரம் நோயை இழுத்துவிடும் என்பதற்கெல்லாம் நம்பத்தக்க சான்று இல்லை.

பழகும் விதம் இது. முதல் வாரம் வீட்டிலும், வழவழப்பான குளிர்ந்த தரையிலும் பத்து நிமிட நடை. பிறகு வாரத்துக்கு ஐந்து, பத்து நிமிடமாகக் கூட்டி, மண், புல், சொரசொரப்பான சிமென்ட் என்று மாறுங்கள். உருப்படியான காய்ப்புக்கு ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். எட்டி வைக்காமல் அடியைச் சுருக்கி வையுங்கள், குதிகாலை ஓங்கிக் குத்தாதீர்கள். காலை இழுக்காமல் நேராகத் தூக்கி நேராக வையுங்கள். திரும்பும்போது முன்பாதத்தை ஊன்றித் திருகினால் அங்கேதான் கொப்புளம் வரும். தோலைவிட எலும்பு மெதுவாகப் பழகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புறங்காலில் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலித்து, நடக்க நடக்க அது கூடினால், முன்பாத எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகக் கூடாத இடங்கள்: மலம் கலந்திருக்கக்கூடிய ஈர மண், நிழலான மணல் (கொக்கிப்புழுவின் குஞ்சு முழுத் தோலையே துளைத்து ஏறும், காயம் தேவையில்லை), பொதுக் குளியலறை (மரு தொற்றும்), பாம்பு நடமாடும் பகுதியில் இரவு நேரம். கூடவே ஒரு ஜோடி செருப்பு எப்போதும் பையில் இருக்கட்டும்.

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் காய்ந்தால் வெடிக்கும். தினமும் இரவு சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பாருங்கள். குதிகாலுக்கு 10 முதல் 25 சதவீதம் யூரியா கலந்த க்ரீம் தடவலாம், விரல் இடுக்கில் தடவக் கூடாது. விளிம்பு தடித்தால் ஊறவைத்து நுரைக்கல்லால் லேசாகத் தேயுங்கள், பிளேடு வேண்டாம். முள் ஏறினால் கழுவிவிட்டு, சுட்ட ஊசியால் முள் குத்திய வாயை விலக்கி, ஏறிய கோணத்திலேயே இடுக்கியால் இழுங்கள். பிதுக்கினால் உள்ளே ஒடியும். ஆழமாகக் குத்திய எதற்கும் டெட்டனஸ் ஊசியை நினையுங்கள். துரு அல்ல காரணம், காற்றுப் புகாத ஆழத்தில் மண்ணின் கிருமி வளர்வதுதான். கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

இப்போதுள்ள கொப்புளத்தை உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் மேல்தோலைப் பிய்க்காமல் கழுவி, ஒட்டாத துணியால் கட்டுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சுட்ட உடனே என்றால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டியிருக்கலாம். நேற்றைய கொப்புளத்துக்கு அது பயன்படாது. ஆறும்வரை செருப்பு போடுங்கள். அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தியும் வலிக்காத நாளில், காலை வெயில் ஏறுமுன், பத்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

- ஆசிரியர்