வாட்ஸ்அப் வானம்: கொடைக்கானலிலிருந்து கேள்வி பதில்

வானம் பற்றி வந்த பார்வர்டுகளை அனுப்பலாம். முழு மெசேஜும் வேண்டாம், சாரம் போதும். ஜாதகம் என் துறை இல்லை.

பெருமாள்மலை: சார், ஆகஸ்ட் 27 ராத்திரி செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியுமாம். வானத்துல ரெண்டு நிலாவா?

எந்த வருஷம் என்று போட்டிருக்கிறதா? போட்டிருக்காது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.6 கோடி கி.மீ. பக்கத்தில் வந்தது உண்மை. 75 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப்பில் பார்த்தால், வெறுங்கண்ணால் பார்க்கும் முழுநிலா அளவு இருக்கும் என்று அப்போது ஒரு மின்னஞ்சல் சுற்றியது. கைமாறியதில் டெலஸ்கோப் காணாமல் போய்விட்டது. அன்றைக்கும் செவ்வாயின் அகலம் நிலாவில் எழுபதில் ஒரு பங்குதான். வருஷம் இல்லாத செய்தியை நம்பாதீர்கள்.

வில்பட்டி: நாளை காலை 5.27-லிருந்து பூமி சூரியனை விட்டு விலகுதாம், ஆகஸ்ட் வரை கடுங்குளிர், சளி, இருமல்னு வருது. கேரட் போட்டிருக்கோம் சார், பயமா இருக்கு.

அந்த மெசேஜின் கணக்கைப் பாருங்கள். வழக்கமாகச் சூரியன் 9 கோடி கி.மீ. தூரம், இப்போது 15.2 கோடி என்று இருக்கும். 15.2 சரி, 9 தப்பு. மைல் கணக்கைக் கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. சராசரி தூரமே 15 கோடி. ஜனவரித் தொடக்கத்தில் 14.7, ஜூலைத் தொடக்கத்தில் 15.2. வித்தியாசம் மூன்று சதவீதம் சொச்சம். வருஷா வருஷம் நடப்பதுதான்.

உங்கள் தோட்டத்தையே கேளுங்கள். உறைபனி எப்போது விழுகிறது? டிசம்பர், ஜனவரியில். ஊட்டி தலைக்குந்தாவில் புல் வெள்ளையாகக் கிடப்பதும் அப்போதுதான். அதாவது சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மாதங்களில்! பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் அப்போது வெயில் சரிந்து விழுகிறது, பகலும் குறைவு. மேகமில்லாத வறண்ட இரவில் தரையின் சூடு தங்குதடையில்லாமல் மேலே போய்விடுகிறது. கேரட்டுக்குப் பனி பயம் என்றால் ஜனவரியில் பயப்படுங்கள்.

பண்ணைக்காடு: திருநள்ளாறு மேல வரும்போது நாசா செயற்கைக்கோள் 3 விநாடி நின்னு போகுதாமே?

தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு ஏழரை கி.மீ. நின்றால் கீழே விழும். நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிபவை 35,786 கி.மீ. உயரத்தில், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டும். திருநள்ளாறு 11 டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள், சனீஸ்வரனுக்கு நாசா சான்றிதழ் எதற்கு?

பூம்பாறை: இன்னைக்கு ராத்திரி 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர். போனை அணைச்சு வைக்கணுமா?

"இன்னைக்கு" என்றால் என்றைக்கு? விண்வெளியிலிருந்து வரும் அந்தக் கதிர்கள் இந்த நிமிஷமும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன, மலையில் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக. தூக்கம் வேண்டுமானால் போனை அணையுங்கள்.

மன்னவனூர்: எல்லாத்தையும் புரளிங்கறீங்க. குரு ஒரு சுற்று 12 வருஷம், குறிஞ்சி பூக்கறதும் 12 வருஷம். இதுக்கு என்ன சொல்றீங்க?

நல்ல கேள்வி. வியாழன் சுற்ற எடுத்துக்கொள்வது 11.86 வருஷம்.

தாண்டிக்குடி: அந்தப் புள்ளி வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமா அண்ணா?

ஒரு சுற்றுக்கு இல்லை. சேர்த்துப் பாருங்கள். நீலகிரியில் குறிஞ்சி பூத்த பதிவு 1838-லிருந்து இருக்கிறது. அதிலிருந்து 2018 வரை 180 வருஷம், 15 சுழற்சி. வியாழன் 15 சுற்றை 178 வருஷத்திலேயே முடித்துவிடும். ஆக 2018-இல் அது 1838-இல் இருந்த இடத்தைத் தாண்டி இரண்டு ராசி முன்னே போய்விட்டது. செடி பின்னாலேயே ஓடவில்லை.

மன்னவனூர்: அப்போ கும்பமேளா மட்டும் எப்படி 12 வருஷத்துக்கு ஒருமுறை சரியா வருது?

வருவதில்லையே! ஹரித்வாரில் 2010-க்குப் பிறகு 2021-இல் வந்தது, 11 வருஷத்தில். குருவை வைத்துக் கணக்கிட்டவர்கள் இந்த நழுவலை அறிந்தே வைத்திருந்தார்கள். குறிஞ்சிக்கு அப்படி ஒரு திருத்தம் இல்லை. அதன் இனத்திலேயே வேறு வேறு இடைவெளியில் பூக்கும் செடிகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் எந்தக் கிரகத்தைக் காட்டுவீர்கள்?

தாண்டிக்குடி: அப்போ செடி எப்படி வருஷத்தை எண்ணுது?

தாவரவியல்காரர்களைப் பிடியுங்கள்.

கூக்கால்: சார், ஆகஸ்டுல ரெண்டு நிலா தெரியுமாமே?

மேலே, முதல் பதில்.

வத்தலக்குண்டு: ஜனவரி 4 காலை 9.47-க்குக் கிரகங்கள் நேர்கோட்டில் வரும்போது குதிச்சா மிதப்போமா?

பிரிட்டிஷ் வானியலாளர் பேட்ரிக் மூர் பிபிசி வானொலியில் அவிழ்த்துவிட்ட கதை இது. அவர் சொன்ன தேதி 1976 ஏப்ரல் 1.

அட்டுவம்பட்டி: பையனுக்கு டெலஸ்கோப் வாங்கியிருக்கேன். கண் வைக்கிற பக்கம் மாட்ட கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தாங்க. அதுல சூரியப் புள்ளி பார்க்கலாமா?

கூடவே கூடாது! குவிந்த வெயிலில் அந்தக் கண்ணாடி சூடேறி வெடிக்கும், அடுத்த நொடி பையன் கண் போகும். எக்ஸ்ரே பிலிமும் வேண்டாம். சூரியனுக்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் மாட்ட வேண்டும். அது வரும்வரை இங்கேயே இருக்கும் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கே உடைத்துப் போடுங்கள்.